ப்ளூஸ் பேரரசி பெஸ்ஸி ஸ்மித்: அடிக்கப்பட்ட ஒரு வரி

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரை அடுத்த ஷேரன் ஹில்லில் மவுன்ட் லான் என்றோர் இடுகாடு உண்டு. அங்கே ஒரு கல்லறை ஏறத்தாழ 33 ஆண்டுகள் பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. 1937 அக்டோபரில் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் பெயரற்ற ஏழை அல்லர். அவருடைய உடலைக் காணப் பத்தாயிரம் பேர் வரிசையில் நின்றனர். அவர் பாடிய இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றிருந்தன. கல் நடுவதற்கென்று பின்னாளில் பணம் திரட்டப்பட்டதும் உண்டு. அப்பணம் கல்லாக மாறவில்லை. வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்து, அதில் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்த தமிழ் வாசகருக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும். பெஸ்ஸி ஸ்மித் என்ற அந்தப் பெண்மணியின் வாழ்க்கையை, அவர் பாடிய பாட்டை மட்டும் வைத்துச் சொல்வோர் பலர். அவர் கையெழுத்திட்ட தாள்களையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் அவ்வாழ்க்கை முழுமையாகத் தெரியும்.

டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் 1894 ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் பிறந்ததாகக் கொள்வது வழக்கம். தந்தை வில்லியம் கூலி வேலை செய்தவர்; ஓய்வு நேரங்களில் தேவாலயத்தில் போதிப்பவர். மகள் முகம் அறியும் முன்பே அவர் மறைந்தார். பெஸ்ஸிக்குப் பத்து வயது நிறையும் முன் தாய் லாராவும் போய்ச் சேர்ந்தார். மூத்த சகோதரி வயோலா துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியர் தங்கையர் நிறைந்த அவ்வீட்டில் சோறு எப்போதும் கணக்கோடுதான். தமையன் ஆண்ட்ரூ கிதார் மீட்ட, சிறுமி பெஸ்ஸி தெருமுனையில் பாடி ஆடினாள். வெள்ளை யானை என்ற பெயருடைய மதுக்கடையின் வாசல் அவர்களுக்கு வாய்ப்பான இடம். பாட்டு முடிந்ததும் காசு தரையில் விழும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தெருவில் கற்ற அப்பாடம் அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. பாடியவுடன் கைக்கு வருவதே கூலி; கைக்கு வராதது கூலியாகாது. பட்டினியின் விளிம்பில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பொருளாதாரம் வேறு இருக்க முடியாது. அதே தெளிவு பின்னொரு நாள் அவருக்கு எதிராக நின்றது.

1912-இல் இன்னொரு தமையன் கிளாரன்ஸ் வழியாக மோசஸ் ஸ்டோக்ஸ் என்பவரின் நாடோடி நிகழ்ச்சிக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பாடகியாக அல்ல, ஆடுபவராக. பாடுவதற்கு அக்குழுவில் முன்பே மா ரெய்னி இருந்தார். ப்ளூஸின் தாய் என்று போற்றப்பட்டவர். மா ரெய்னி இச்சிறுமியைக் கடத்திக்கொண்டு போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. சுவையான கதைதான், ஆனால் உண்மையன்று. கேட்டும் பார்த்தும் கற்றிருப்பார் என்பதே பொருந்தும். பின்னர் அட்லாண்டாவின் 81 என்ற அரங்கில் வாரம் பத்து டாலருக்குப் பாடினார். அதற்கு மேல் ரசிகர்கள் வீசும் சில்லறை. ஊர் ஊராகச் சென்று, கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் பாடிப் பத்தாண்டுகள் கழிந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் நிற்பவன் காதில் விழாத குரலுக்கு அங்கே வேலையில்லை. பெஸ்ஸியின் குரல் அந்தப் பயிற்சியில் இரும்பாயிற்று.

ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை. பெரும்பாலும் மூவடிக் கண்ணிகளால் ஆனது. முதலடியைப் பாடி, அதையே சிறு மாற்றத்தோடு மறுபடி பாடி, மூன்றாம் அடியில் விடையிறுப்பார்கள். இரண்டாம் முறை வரும்போது அவ்வடி முதலில் வந்த அடியாக இருப்பதில்லை. கேட்பவன் மனம் அதற்குள் மாறிவிட்டிருக்கும். நம் ஒப்பாரிப் பாடல்களைக் கேட்டுப் பழகியவருக்கு இந்தத் திரும்பக் கூறலின் ஆற்றல் விளக்காமலே விளங்கும். கணவன் கைவிட்டது, வாடகை பாக்கி, வெள்ளம், சிறை, குடி என்று அதன் பொருள் அனைத்தும் அன்றாடத்திலிருந்து எடுத்தவை. கூடாரத்தில் இத்தகைய பாட்டு இரவெல்லாம் நீளும். இசைத்தட்டு வந்தபின் பத்தங்குல வட்டத்தின் ஒரு பக்கத்துக்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், அடங்க வேண்டியதாயிற்று. நான்கு அல்லது ஐந்து கண்ணிகள், அவ்வளவே. சுருங்கச் சொல்லும் கட்டாயம் பெஸ்ஸிக்கு நன்மையே செய்தது எனலாம்.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற பாடகி ஓகே நிறுவனத்துக்காகப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' எதிர்பாராத அளவில் விற்றது. மேமிக்கும் பெஸ்ஸிக்கும் பெயரில்தான் ஒற்றுமை, உறவில்லை. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதையே அன்றுவரை அறியாதிருந்த நிறுவனங்கள் அவ்விற்பனைக்குப் பின் விழித்துக்கொண்டன. தொடர்வண்டிகளில் படுக்கைப் பெட்டிப் பணியாளர்களாக இருந்த கறுப்பின இளைஞர்கள் வடநாட்டு நகரங்களில் தட்டுகளை வாங்கித் தென்னாட்டு ஊர்களில் விற்றுச் சென்றார்கள். எல்லா நிறுவனங்களும் ப்ளூஸ் பாடும் பெண்களைத் தேடி அலைந்த அக்காலத்தில் பெஸ்ஸி ஸ்மித் வாயிலில் நின்றும் உள்ளே அழைக்கப்படவில்லை. ஓகே அவரை வேண்டாம் என்றது. கறுப்பினத்தவரான ஹாரி பேஸ் 1921-இல் தொடங்கிய பிளாக் ஸ்வான் நிறுவனமும் ஏற்கவில்லை. அவர் குரல் மிகக் கரடுமுரடானது என்று அங்கே கருதினார்கள். தம் இனத்தின் பண்பட்ட முகத்தை உலகுக்குக் காட்ட எண்ணிய அந்நிறுவனம் மென்மையாகப் பாடிய எதெல் வாட்டர்ஸைத் தேர்ந்தெடுத்தது. பிளாக் ஸ்வான் 1923 முடியும் முன் நொடித்துப் போயிற்று. தேர்வு செய்வோரின் செவி தவறுவது எக்காலத்திலும் உள்ளதுதான். பாதிப்பு என்னவோ தேர்வு செய்யப்படாதவருக்கே. இரண்டு மூன்று கதவுகள் மூடிய பிறகு திறக்கும் கதவின் முன் எந்தக் கலைஞரும் பேரம் பேசும் மனநிலையில் இருப்பதில்லை.

அக்கதவு கொலம்பியா நிறுவனத்தினுடையது. அதன் கறுப்பின இசைப் பிரிவைக் கவனித்தவர் ஃபிராங்க் வாக்கர் என்ற வெள்ளையர். பல ஆண்டுகளுக்கு முன்பே அலபாமா மாநிலத்தில் ஒரு சிறு கூடத்தில் பெஸ்ஸியின் பாட்டைக் கேட்டு மனத்தில் வைத்திருந்ததாக அவர் பின்னாளில் கூறினார். அவரைத் தாமே கண்டுபிடித்ததாக வேறு சிலரும் உரிமை கொண்டாடினார்கள். வெற்றி பெற்றவரைக் கண்டுபிடித்தவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. பியானோ வாசிப்பவரும் பாடல் வெளியீட்டாளருமான கிளாரன்ஸ் வில்லியம்ஸ் என்பவர் இடையில் நின்று அவரை நியூயார்க்குக்கு அழைத்து வந்தார். அப்போது அவரை மணக்கவிருந்த ஜாக் கீ, ஃபிலடெல்ஃபியாவில் காவலாளி. தம் கைக்கடிகாரம் முதலானவற்றை அடகு வைத்து, பாடப் போகும் பெண்ணுக்கு ஓர் உடை வாங்கிக் கொடுத்தார் என்பார்கள்.

1923 பிப்ரவரி 15. அன்றைய ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலையில்லை. சுவரிலிருந்து நீளும் பெரிய புனலின் வாய்க்குள் பாட வேண்டும். குரலின் அதிர்வு மறுபுறம் மெழுகுத் தட்டில் கீறலாக விழும். பிழை நேர்ந்தால் தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆயிரம் பேர் முன் அஞ்சாத பெஸ்ஸி அந்தப் புனலின் முன் தடுமாறினார். பல முறை பாடியும் அன்று ஒன்றும் தேறவில்லை. மறுநாள் மீண்டும் வந்து 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்', 'கல்ஃப் கோஸ்ட் ப்ளூஸ்' ஆகிய இரண்டையும் முடித்தார். முன்னது ஆல்பர்ட்டா ஹன்டரும் லவி ஆஸ்டினும் இயற்றியது. ஹன்டரே முந்திய ஆண்டில் வேறொரு நிறுவனத்துக்குப் பாடியிருந்தார். கேட்டுப் பழகிய பாட்டைப் புதிய பாடகி பாடி என்ன விற்கப் போகிறது என்று ஐயுற்றவர்கள் இருந்திருக்கலாம். ஆறு மாதத்துக்குள் 7,80,000 தட்டுகள் விற்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே ஒன்று நிகழ்ந்தது. ஒரு பக்கத்துக்கு நிறுவனம் 125 டாலர் கொடுத்தது. அதில் பாதியைக் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். பெஸ்ஸி ஒப்பந்தமிட்டது நிறுவனத்தோடு என்று அவர் எண்ணியிருக்க, உண்மையில் அவர் கையெழுத்து வில்லியம்ஸின் பெயரிலான தாளில் இருந்தது. நிறுவனத்துக்கும் பாடகிக்கும் இடையே அவர் மேலாளராக உட்கார்ந்திருந்தார். செய்தி தெரிந்ததும் பெஸ்ஸியும் ஜாக் கீயும் அவருடைய அலுவலகத்துக்கே சென்றார்கள். வில்லியம்ஸ் மேசைக்கடியில் புகுந்தாராம். பெஸ்ஸி குனிந்து, கையாலேயே நியாயம் கேட்டாராம். ஆறடியை எட்டும் உயரமும் அதற்கேற்ற உடலும் கொண்ட பெண்மணி. வில்லியம்ஸ் அத்தாளிலிருந்து அவரை விடுவித்தார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தில் கைதட்டி நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததே கவனிக்கத் தக்கது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஃபிராங்க் வாக்கர் நேரடி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்தார். ஆண்டுக்குக் குறைந்தது 12 பக்கங்கள். ஏற்கத்தக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் 125 டாலர். ஆக 1,500 டாலருக்கு உறுதி. மறு ஆண்டும் தொடர நிறுவனம் விரும்பினால் பக்கத்துக்கு 150 டாலர். அச்சிட்ட படிவத்தில் ராயல்டிக்கென்று, அதாவது விற்பனைப் பங்குக்கென்று, இருந்த பகுதியை வாக்கர் கோடிட்டு அடித்தார். பெஸ்ஸி கையெழுத்திட்டார். வில்லியம்ஸின் வஞ்சகத்திலிருந்து தம்மை மீட்டவர் என்ற நன்றியோடு கையெழுத்திட்டிருப்பார். முன்பு பாதியாக வந்த 125 டாலர் இனி முழுதாக வரும் அல்லவா?

அவ்வொப்பந்தத்தின் சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏற்கத்தக்க என்ற ஒரு சொல்லால், எந்தப் பாட்டுக்குக் கூலி, எதற்கு இல்லை என்பதை முடிவு செய்யும் உரிமை நிறுவனத்திடம் போயிற்று. பாடி முடித்தும் தேறவில்லை என்று தள்ளப்பட்டால் அன்றைய உழைப்பு வீண். தொடர்வதா விடுவதா என்ற விருப்பமும் நிறுவனத்தின் பக்கமே. அன்றைய சட்டமும் பாடகருக்குத் துணை நிற்கவில்லை. 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பாடல் தட்டாக்கப்படும்போது அதன் உரிமையாளருக்குப் பிரதிக்கு இரண்டு சென்ட் என்று விதித்திருந்தது. உரிமையாளர் என்றால் பாட்டை இயற்றியவர் அல்லது அவரிடம் அவ்வுரிமையை வாங்கிக்கொண்ட வெளியீட்டாளர். பாடியவருக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை. குரலுக்குப் பங்கு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதித்தான் பெற வேண்டும். இத்தாலியப் பாடகர் கருசோ போன்றவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவ்வாறு பெற்று வந்தார்கள். எனவே அது எவரும் கேள்விப்படாத புதுமை அன்று. படிவத்திலேயே இருந்தது, அடிக்கப்படும் வரை.

ஒரு தட்டின் விலை 75 சென்ட். தட்டுக்கு ஒரே ஒரு சென்ட் பாடகிக்கு என்று எழுதியிருந்தால், முதல் தட்டு மட்டுமே 7,800 டாலர் தந்திருக்கும். விற்பனைக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று பாதியாகக் குறைத்தாலும் 3,900. அவருக்கெனக் கொடுக்கப்பட்டதோ இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து 250 டாலர், அதிலும் பாதி வில்லியம்ஸின் பைக்குப் போயிற்று. 1923-இல் கடன் சுமையால் நிலைகுலைந்து நீதிமன்றம் நியமித்த நிர்வாகத்தின்கீழ்ப் போன கொலம்பியாவை மீண்டும் காலூன்றச் செய்ததில் பெஸ்ஸியின் தட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு என்று இசை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாட்டை எழுதிய ஆல்பர்ட்டா ஹன்டரின் நிலையும் மெச்சும்படி இல்லை. இடையில் இருந்தவர் தமக்குத் தெரியாமல் உரிமையை விற்றுவிட்டதாகவும், 368 டாலர்தான் தம் கைக்கு வந்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறினார்.

பெஸ்ஸி பாடகி மட்டும் அல்லர். 'பேக்வாட்டர் ப்ளூஸ்', 'புவர் மேன்ஸ் ப்ளூஸ்' முதலிய பாடல்கள் அவரே இயற்றியவை. முன்னது 1927 பிப்ரவரியில் ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ துணையோடு பதிவாயிற்று. வெள்ளத்தில் வீடிழந்து படகில் ஏறும் ஒரு பெண்ணின் குரலில் அமைந்தது அது. சில வாரங்களில் மிசிசிப்பி ஆறு வரலாறு காணாத வெள்ளமாகப் பெருக, அப்பாட்டு அப்பெருந்துயரின் பாட்டாகவே மக்களால் ஏற்கப்பட்டது. இயற்றியவர் என்ற வகையில் அவருக்குச் சட்டப்படி வர வேண்டிய இரண்டு சென்ட் உண்டே? அவர் பாடல்கள் வாக்கர் அமைத்த ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் பெயரில் பதிவாயின. பாடகிக்குக் கொடுத்த ஒட்டுமொத்தத் தொகையே எல்லாவற்றுக்கும் ஈடு என்றாயிற்று. தம் நூலின் உரிமையை ஒரு தொகைக்கு முழுதாக எழுதிக்கொடுத்துவிட்டு, மறுபதிப்பைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்து நிற்கும் கவிஞனுக்கு இதன் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கரைக் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது, நேர்மையாகாது. அவர் பெஸ்ஸியின் பாட்டை உண்மையாகவே மதித்தார். சேமிக்கச் சொல்லி வற்புறுத்தினார். சில காலம் அவருடைய நிகழ்ச்சிகளையும் கவனித்துக்கொண்டார். வெள்ளையரை எளிதில் நம்பாத பெஸ்ஸி அவரை நம்பினார். ஆனால் வாக்கருக்குச் சம்பளம் கொடுத்தது கொலம்பியா. ஒரே மனிதர் நிறுவனத்தின் ஆளாகவும் பாடகியின் ஆலோசகராகவும் பாடல்களின் வெளியீட்டாளராகவும் இருந்தார். மேசையின் இரு பக்கத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார். பாடகிக்காக மட்டும் அத்தாளைப் படிக்க அங்கே எவரும் இல்லை. வில்லியம்ஸின் திருட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அவருக்கு அடி விழுந்தது. வாக்கர் அடித்த கோடு அன்பான முகத்தோடு, வெளிப்படையாக, அவர் கண் முன்னே விழுந்தது. அதை எதிர்க்க ஒரு காரணமும் அன்று புலப்படவில்லை.

புலப்படாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. தட்டு அவருக்கு வருமானமாக அன்று, விளம்பரமாகப் பயன்பட்டது. தட்டைக் கேட்டவர்கள் கொட்டகையை முற்றுகையிட்டார்கள். வாரம் பத்து டாலருக்குப் பாடியவர் 1923 கோடையில் 350 டாலர் கேட்டார். பத்தாண்டின் நடுவில் வாரம் 2,000 டாலர் வரை பெற்றார். கறுப்பினக் கலைஞர்களில் அந்நாளில் அவரைவிட மிகுதியாகப் பொருளீட்டியவர் இல்லை என்பார்கள். இப்படிப் பணம் மழையாகப் பொழியும்போது ஒரு சென்ட்டைப் பற்றி யார் நினைப்பார்?

1925 அவருடைய பொன்னாண்டு. ஜனவரியில் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டோடும் ஃபிரெட் லாங்ஷாவின் ஆர்மோனியத்தோடும் பாடினார். குரல் விட்ட இடத்தைக் கார்னெட் பற்றிக்கொள்ளும் அந்த மூன்று நிமிடத்தை விவரிப்பதைவிடக் கேட்பதே நலம். மே மாதத்தில் மின்சார ஒலிப்பதிவு முறை வந்தது. எதிரொலியைத் தடுப்பதற்காகப் பதிவறைக்குள் ஒரு கூடாரத் துணியைக் கட்டிப் பொறியாளர்கள் சோதனை செய்ய, அது அறுந்து பாடகி, இசைக்குழு அனைவர் மீதும் கவிழ்ந்ததாம். வாழ்நாளெல்லாம் கூடாரத்தில் பாடிய பெஸ்ஸிக்கு நியூயார்க்கின் நடுவிலும் கூடாரம் விடவில்லை. அதே ஆண்டில் தமக்கென ஒரு தொடர்வண்டிப் பெட்டியே செய்வித்து வாங்கினார். மஞ்சள் வண்ணம் பூசிய 78 அடி நீளப் பெட்டி. குழுவினர் அனைவரும், கூடாரமும் மேடைப் பொருள்களும் அதற்குள் அடங்கின. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு விடுதியிலும் உணவகத்திலும் இடமில்லாத காலம். அவமதிப்பில்லாமல் உண்டு உறங்க அவர் பணம் கொடுத்து வாங்கிய இடம் அது. 1927-இல் வட கரோலினாவில் முகமூடி அணிந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டம் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்தபோது, ஆண்கள் ஓடி ஒளிய, பெஸ்ஸி தனியே நின்று முட்டியை உயர்த்தி வைது விரட்டினார் என்று அவர் குழுவில் இருந்தவர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

கொடையும் குடியும் சண்டையும் நிறைந்த வாழ்க்கை. சகோதரிகளை ஃபிலடெல்ஃபியாவுக்கு அழைத்து வீடு கொடுத்தார். 1926-இல் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். ஜாக் கீயோடான மணவாழ்க்கை 1929-இல் முறிந்தது. அவ்வாண்டில்தான் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்ற குறும்படத்திலும் நடித்தார். அவர் நடமாடுவதைக் காண இன்று எஞ்சியுள்ள ஒரே படம் அது. அதே ஆண்டு மே மாதத்தில் அவர் பதிவு செய்த ஒரு பாட்டு, செல்வம் போனால் சுற்றமும் போகும் என்ற பொருளுடையது. ஜிம்மி காக்ஸ் முன்பே எழுதிய பாட்டுதான். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது.

வானொலியும் பேசும் படமும் ஏற்கெனவே இசைத்தட்டை நெருக்கிக்கொண்டிருந்தன. பொருளாதார மந்தம் எஞ்சியதையும் வாரிற்று. 1927-இல் பத்துக் கோடியைத் தாண்டியிருந்த அமெரிக்கத் தட்டு விற்பனை 1932-இல் 60 இலட்சத்துக்கு இறங்கியது என்பர். கொட்டகைகள் மூடப்பட்டன, கூடார வருமானம் வற்றியது. 1931-இல் கொலம்பியா அவரோடிருந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. அதுவரை அந்நிறுவனம் அவருக்குக் கொடுத்தது மொத்தம் 28,000 டாலரை ஒட்டிய தொகை என்று அவர் வரலாற்றை ஆராய்ந்த கிறிஸ் ஆல்பர்ட்சனின் நூல் வழி அறிகிறோம். ஏறத்தாழ 160 பக்கங்கள். பக்கத்துக்குச் சராசரி 200 டாலரைக்கூட எட்டவில்லை. கொட்டகை மூடிய நாளில் கைகொடுத்திருக்க வேண்டியது பழைய தட்டுகளின் சிறு பங்கு. அந்த ஊற்றின் வாய் 1923 ஏப்ரலிலேயே அடைக்கப்பட்டிருந்தது.

1933 நவம்பரில் ஜான் ஹாமண்ட் என்ற செல்வந்த இளைஞர், அவர்பால் பெருமதிப்புக் கொண்டவர், அவரைத் தேடிப் பிடித்து நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். பக்கத்துக்கு 37.50 டாலர், நான்குக்கும் 150. முன்னொரு காலத்தில் ஒரு பக்கத்துக்கு வாங்கிய தொகை. இம்முறையும் ராயல்டி இல்லை. துன்பப் பாட்டுக் கேட்கும் நிலையில் மக்கள் இல்லை, உற்சாகமான பாட்டே வேண்டும் என்று பெஸ்ஸி சொல்லிவிட்டார், அவ்வாறே பாடினார். குரலில் தளர்ச்சி கொஞ்சமும் இல்லை. அதுவே அவருடைய கடைசிப் பதிவாயிற்று.

அவர் ஓய்ந்துவிடவில்லை. புதிய உடை, புதிய பாணி என்று மாற்றிக்கொண்டு மீண்டும் எழுந்து வந்துகொண்டிருந்தார். 1937 செப்டம்பர் 26 விடியற்காலையில், மெம்ஃபிஸிலிருந்து கிளார்க்ஸ்டேலை நோக்கிச் செல்லும் 61-ஆம் எண் நெடுஞ்சாலையில், ரிச்சர்டு மார்கன் ஓட்டிய மோட்டார் வண்டி ஒரு லாரியின் பின்புறம் மோதியது. பெஸ்ஸியின் வலக்கை சிதைந்தது. கிளார்க்ஸ்டேலில் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் கையை நீக்கியும் பயனின்றி உயிர் பிரிந்தது. வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் மாண்டார் என்று ஹாமண்ட் ஓர் இதழில் எழுத, அது நாடெங்கும் பரவி, 1959-இல் எட்வர்டு ஆல்பியின் நாடகத்துக்கும் கருவாயிற்று. அப்படி நடக்கவில்லை என்று அன்று சாலையோரத்தில் அவருக்கு முதலுதவி செய்த மருத்துவரே விளக்கினார். அந்நாளைய தென்மாநிலத்தில் அவரை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவே எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் உண்மை. பொய்யைவிட அது கொடியது.

மறைந்த பிறகும் குரல் விற்றது. கொலம்பியா கைமாறி, 1938 முதல் சி.பி.எஸ். நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1951-இல் அவர் பாடல்கள் நான்கு நீள்தட்டுகளாக வந்தன. 1970-இல் அனைத்தையும் மீண்டும் வெளியிடும் பெருந்திட்டம் தொடங்கி, இளைய தலைமுறை அவரைப் புதிதாகக் கேட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் கல்லறைக்குக் கல் வந்தது. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். மற்றவர் ஜுவானிட்டா கிரீன். சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்தவர், பாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ என்று அவரால் அறிவுரை பெற்றவர். ஜாப்ளின் அடுத்த இரு மாதத்துக்குள் மறைந்துவிட்டார்.

பின்னர் வளர்ப்பு மகனும் பெஸ்ஸியின் உடைமைப் பொறுப்பாளரும் சி.பி.எஸ். மீது வழக்குத் தொடுத்தார்கள். பாடியதற்குப் பங்கு, இயற்றியதற்கு உரிமை, இரண்டையும் கேட்டார்கள். 1979-இல் ஃபிலடெல்ஃபியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. கோரிக்கை நியாயமா அநியாயமா என்ற ஆய்வைவிட, ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே முன்னின்றது. மேல்முறையீட்டிலும் மாற்றமில்லை.

அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1923-இல் வெளியான ஒலிப்பதிவுகளின் தனியுரிமை நூறாண்டு கடந்து 2024 ஜனவரி முதல் நாளன்று முடிவுற்றது. 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' இப்போது அந்நாட்டில் பொதுச் சொத்து. எவரும் அதைப் படியெடுக்கலாம், விற்கலாம். யாருக்கும் ஒரு சென்ட் தர வேண்டியதில்லை.